எண்ணெய் தொட முதல் கேட்பது

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்பக்கம், பெண்களுக்கு மட்டும் என்று பலகை போட்ட மசாஜ் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே சுபாஜினியிடம் போகிறவர்கள் கட்டிலில் ஏறுமுன் அவளுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சாப்பிட்ட கையோடு வந்தீர்களா, காய்ச்சல் ஏதும் உண்டா, பிரஷருக்குக் குளிசை போடுகிறீர்களா, வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறதா. வந்தவர்கள் கூசாமல் பொய் சொல்வார்கள். வயிறு முட்டப் பிட்டு சாப்பிட்டுவிட்டு, வெறும் தேத்தண்ணிதான் குடித்தேன் என்பார்கள். இவையெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்விகள். கடைசிக் கேள்வியை மட்டும் அவளே சேர்த்துக்கொண்டாள்.

“உடம்புக்கை ஷெல் துண்டு ஏதும் கிடக்கோ?”

வெளியூர்க்காரர் முழிப்பார்கள். இங்குள்ளவர்கள் வீட்டு விலாசம் சொல்வதுபோல் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். தொடையில், தோளில், பிடரிக்குக் கீழே. சண்டைக் காலத்தில் ஷெல் வெடித்து உடம்பில் ஏறி, எடுத்தால் ஆபத்து என்று டொக்டர்மார் விட்டுவைத்த இரும்பு அது. மேலே அமத்தினால் நரம்பைப் பதம் பார்த்துவிடும் என்பதால் அவள் கை அந்த இடத்தைச் சுற்றித்தான் போகும்.

ஆனால் அந்த இரும்பு அவளை விட்டபாடில்லை. பஸ்ஸில் ஒருத்தியைக் கண்டால் பெயருக்கு முதல் அவள் முதுகில் துண்டு கிடக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். வீட்டில் மா குழைக்கும்போது சின்னக் கட்டி ஒன்று விரலில் பட்டால் கை அப்படியே நின்றுவிடும். சனியன் பிடித்த விரல்கள் என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஒரு நாள் காலை மகாதேவி தன் மகள் ஜெயனியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெட்டைக்கு இருபது வயது. கனடா மாப்பிள்ளை, அடுத்த மாதம் கலியாணம். கொஞ்ச நாளாக முதுகு நோகிறதாம். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாயே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கும் அப்படித்தான். கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனவர்கள்தான், ஆனால் பிள்ளைக்கு ஒரு கீறலும் படவில்லை என்றாள். முதுகில் இருந்த தழும்பு முள்ளுக்கம்பி கிழித்ததாம்.

சுபாஜினி எண்ணெயைச் சூடாக்கிப் பூசினாள். தழும்புக்குச் சற்றுக் கீழே, முள்ளந்தண்டின் ஓரமாக, பெருவிரலில் அது தட்டுப்பட்டது. கை நின்றது.

அதில்தான் நோகிறது, நன்றாக அமத்துங்கோ அன்ரி என்றாள் ஜெயனி.

சுபாஜினி தலையை நிமிர்த்தினாள். மகாதேவி கும்பிடாத குறையாக, சொல்லவேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சுபாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாணம் குழம்பிவிடுமென்று இப்படி மறைத்த தாய்மாரை அவள் முன்பும் கண்டிருக்கிறாள். தசை இறுகியிருக்கிறது என்று ஏதோ சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பெட்டை குப்புறக் கிடந்தபடியே தன் பாட்டில் சொல்லிக்கொண்டு போனாள். கனடாவில் இறங்கின கையோடு முதுகை எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்துப் பார்க்க மாப்பிள்ளை ஒழுங்கு செய்துவிட்டாராம்.

சுபாஜினி எண்ணெய்க் கையைத் துடைத்தாள். அந்த மெஷினுக்குள் இருப்பது பெரிய காந்தம். தெரியாமல் ஆளை உள்ளே விட்டால், உடம்பில் கிடக்கிற இரும்பு அசையும்.

“பிள்ளை, உனக்குள்ளை ஒரு துண்டு கிடக்கு. எக்ஸ்ரே எடுத்து டொக்டரிட்டைக் காட்டாமல் அந்த மெஷினுக்குள்ளை போகக்கூடாது.”

ஜெயனி துவாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழும்பி உட்கார்ந்தாள். தாயைப் பார்த்தாள். மகாதேவி சுவரைப் பிடித்தபடி நின்றாள். மறைத்தது மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து அல்ல என்று மட்டும் முதலில் சொன்னாள். பிறகு ஜெயனியின் பக்கம் திரும்பினாள்.

“ஷெல் விழேக்கை உன்னைத் தோளிலை போட்டுக்கொண்டு ஓடினது நானில்லை. என்ரை தங்கச்சி கலா. அவளுக்குள்ளாலை போய்த்தான் அது உனக்குள்ளை வந்தது. அவள்தான் உன்னைப் பெத்தவள்.”

மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சொன்னாள். செத்துக் கிடந்த கலாவின் கையை விலக்கிப் பிள்ளையைத் தூக்கியது, தங்கச்சியை மூடக்கூட நேரமில்லாமல் நடந்தது, அகதி முகாமில் ஆருடைய பிள்ளை என்று கேட்டபோது என்னுடையது என்றது. பிறகு பிள்ளை அவளையே அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அந்தச் சொல்லை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி எண்ணெய் வைத்து முழுக வார்த்தாளே தவிர, அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒரு நாளும் கை வைத்ததில்லை.

“அதிலை கை பட்டால் கலா முழிச்சிடுவாள் எண்டு பயம்.”

சுபாஜினி அந்தக் கடைசிக் கேள்வியைச் சேர்த்த நாளைச் சபித்தாள்.

ஜெயனி அழவில்லை. மறுபடியும் குப்புறப் படுத்துத் துவாயை விலக்கினாள்.

“அம்மா, இப்ப கையை வையுங்கோ.”

மகாதேவி கிட்ட வந்தாள். உள்ளங்கையை அந்த இடத்தில் மெல்ல வைத்தாள். பிறகு, நித்திரையில் கிடப்பவளை எழுப்புவதுபோல் குனிந்து சொன்னாள்.

“கலா, பிள்ளைக்குக் கலியாணமடி.”