அண்ணை தேடித் திரிந்த எஞ்சின் புளொக்

பிள்ளையாரை நினைத்துத் தொடங்குகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, படித்ததும் கொஞ்சம்தான். அண்ணையின் அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, நினைவு மலர் அடிக்க வேண்டும், அதில் தம்பிதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். உடம்பும் மனமும் அலுத்துப் போயிருக்கிற நேரம். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன், பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணை யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் அப்பா அம்மாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் முடியுமுன்பே வாடகைக் கார் ஓட்டப் போனார். பருத்தித்துறை வீதியில் அவர் ஓட்டிய கார் அவரைவிட வயது கூடியது. வழியில் நின்றால் தானே இறங்கி, தானே கழற்றிப் பூட்டி, ஏற்றிய ஆட்களைக் கோயில் தேருக்கு நேரத்தோடு கொண்டுபோய் விடுவார். ஊரில் சண்டை கூடிய காலத்தில் கனடாவின் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அதே சமையலறையில் சமையற்காரராகக் கடைசி வரை நின்றார். என்னை இங்கே கூப்பிட்டதும் அவர்தான். ரொக்ஸ்பரோவில் வீடு எடுத்து, மேலே அண்ணையும் அண்ணியும், கீழே நாங்களுமாக இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, வாயில் வைக்கமாட்டார். வேலையில் ருசி பார்க்கவும் மாட்டார். "உப்பு மணத்திலயே தெரியும்" என்பார்.

அந்த உணவகத்தின் முதலாளி லூசியன் என்ற பெரியவர். அண்ணை அவரை, பிரெஞ்சில் ஐயா என்பது போல, முசியு என்றுதான் சொல்வார். முசியுவிடம் ஒரு அமெரிக்கக் கார் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் செய்தது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டு யன்னலும் அதிரும். கண் மங்கி, கடையையும் விட்டு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது முசியு அந்தக் காரை அண்ணையிடம் கொடுத்தார். அவர் கேட்டது ஒன்றுதான். வசந்தம் வந்ததும் தன்னை அதில் ஏற்றி, ஏரிக்கரை வழியாக ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அண்ணை "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தார்.

அண்ணிக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. "என்னப்பா, உங்கட ரெண்டாந்தாரம் இண்டைக்கும் எழும்பமாட்டாவாமோ?" என்று மேலே நின்று கேட்பார்.

காருக்குக் கீழே படுத்தபடியே அண்ணை சொல்வார்: "மூத்ததாரம் ஒரு தேத்தண்ணி தந்தா எழும்புவா."

அந்த இலையுதிர் காலத்தில் ரேடியேட்டரில் துரு கிடக்கிறதென்று பழையதை எல்லாம் இறக்கிவிட்டு, கழுவுவதற்கும் ஒழுக்குப் பார்ப்பதற்கும் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். ஊரில் பழகிய பழக்கம் அது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, பிறகு குளிரில் உறையாத பச்சை நிற மருந்துத் தண்ணீரை ஊற்றுவதாக இருந்தார். அதற்குள் ஊரில் அம்மா காலமான செய்தி வந்தது.

சாவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு என்றால் அண்ணையிடம் விளையாட்டில்லை. சாமியறையைச் சாத்தினார். காருக்குள்ளும் முன்பக்கத்தில் ஒரு முருகன் படம் வைத்திருந்தார். சாம்பிராணி காட்டாமல் அந்தக் காரை அவர் எடுத்ததே இல்லை. ஆகவே படத்துக்கு மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு, கராஜ் கதவையும் சாத்திவிட்டார்.

"அண்ணை, உள்ளுக்குத் தண்ணியெல்லோ கிடக்கு?" என்று கேட்டேன்.

"சாமி இருக்கிற இடம். அம்மாவின்ர முப்பத்தொண்டு முடியாமல் தொடக்கூடாது."

அந்த முறை குளிர் முந்திக்கொண்டது. அந்தியேட்டி முடித்து, தலை தோய்ந்து, விபூதி பூசிக்கொண்டு கராஜைத் திறந்தபோது காருக்குக் கீழே பனிக்கட்டி கிடந்தது. உள்ளே உறைந்த தண்ணீர் ஊதி எஞ்சின் புளொக்கைப் பிளந்திருந்தது. புளொக் என்பது எஞ்சினின் உடம்பு. எட்டுச் சிலிண்டரும் அந்த ஒரே வார்ப்பிரும்புக்குள்தான் இருக்கின்றன. அது வெடித்தால் ஒட்டுப்போட்டு ஓட முடியாது. அண்ணை பழைய ரயர் ஒன்றின் மேல் இருந்துகொண்டு சொன்னார்: "அம்மாவுக்குச் செய்ததில பிழை இல்லை. ஆனா முசியுவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல் அது. லீவு நாள் என்று ஒன்று எங்களுக்கு இல்லாமல் போயிற்று. என்னுடைய வான் வண்டியில் பழைய கார் உடைக்கும் யார்டுகளாகத் திரிந்தோம். ஒன்ராறியோ எல்லை வரைக்கும் போனோம். ஒரு இடத்தில் புளொக் இருக்கிறது என்பார்கள், போய்ப் பார்த்தால் லொறியினது. இன்னொரு இடத்தில் சரியான புளொக், ஆனால் சிலிண்டர் தேய்ந்து, இனிக் கடைந்து சரிப்படுத்த இடமில்லை. ஒன்றைச் சரியென்று நம்பி, இரண்டு பேருமாக மூச்சுவாங்கத் தூக்கி ஏற்றி, இடுப்புப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் புளொக்குக்குக் காந்தம் ஏற்றி இரும்புத்தூள் தூவினார். தூள் ஒரு இடத்தில் விபூதிக் குறி மாதிரி நீளமாகக் கூடி நின்றது. அந்தக் கோடுதான் வெடிப்பு.

வேறு புது எஞ்சின் ஒன்று போடலாம் என்று பட்டறைக்காரர் சொல்லிப் பார்த்தார். அண்ணை கேட்கவில்லை. "முசியுவுக்குக் கண்தான் தெரியாது. காது நல்லாக் கேக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி சுட்டுத் தரும் உழுந்து வடையைக் கொண்டு முசியுவிடம் போவோம். அவர் வடையைக் கடித்துக்கொண்டு, "சா ரூல்?" என்று கேட்பார். ஓடுதோ என்று அர்த்தம். அண்ணை "பியாந்தோ, பியாந்தோ" என்பார். கெதியில், கெதியில், சீக்கிரம் என்று. இப்படியே ஒரு வசந்தம் போய், அடுத்த வசந்தமும் போயிற்று. ஒவ்வொரு முறையும் படி இறங்கும்போது அண்ணையின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பொய் சொல்லிப் பழகாத மனிதர்.

ஒரு ஞாயிறு முசியு எதுவும் கேட்கவில்லை. வடையையும் கடிக்கவில்லை. அது அண்ணையைச் சுட்டுவிட்டது. கட்டிலோரத்தில் இருந்து எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னார். அம்மா, துடக்கு, முருகனுக்கு மேல் போட்ட துண்டு, பனிக்கட்டி, ஒன்றும் விடவில்லை. எனக்குப் பிரெஞ்சு குறைவு, ஆனால் இடையில் வந்த அம்மா, முருகன் என்ற சொற்கள் விளங்கின. முசியு கேட்டு முடித்துவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"தாய்க்காகச் செய்தது சரியாம். ஆனா என்னை விசரன், மடையன் எண்டுறார்."

"ஏனாம்?"

"அவரின்ர தமக்கையின்ர மகன்ர பண்ணையில, மாட்டுக்கொட்டிலுக்க, இதே புளொக் ஒண்டு கிடக்காம். அந்தக் காலத்தில அவரே உதவுமெண்டு மேலதிகமா வாங்கிப் போட்டதாம். கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பாராம்."

அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அத்தனை யார்டும் திரிந்தது, தேடிப் போகவேண்டிய ஒரே மனிதரிடம் வாய் திறக்க வெட்கப்பட்டதால்தான்.

அடுத்த கிழமையே பண்ணைக்குப் போனோம். எண்ணெய்த் துணி சுற்றிய புளொக் கொட்டிலின் மூலையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு கோழி அடைகிடந்தது. கோழியை எழுப்ப அண்ணை விடவில்லை. "குஞ்சு பொரிக்கட்டும், பிறகு வந்து எடுப்பம்" என்றார். எனக்கு அவரோடு சண்டை பிடிக்கக்கூடத் தெம்பில்லை. இன்னொரு முறை அவ்வளவு தூரம் ஓடினோம். பட்டறைக்காரர் தூள் தூவும்போது அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி விரதக்காரர் மாதிரி நின்றார். தூள் எங்கும் கூடவில்லை.

போன வசந்தத்தில் முசியுவை முன் இருக்கையில் இருத்தி, ஏரிக்கரை வழியாக அண்ணை மெதுவாக ஓட்டினார். நான் பின்னால் இருந்தேன். முசியு யன்னலை இறக்கிவிட்டு வழி முழுக்கக் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தார். இறக்கிவிடும்போது, அடுத்த வசந்தத்திலும் வருவாயா என்று கேட்டார். அண்ணை மறுபடியும் "ஓம்" என்றார்.

இந்த இலையுதிர் காலத்தில் அண்ணைக்கு நெஞ்சு வருத்தம், மாரடைப்புத்தான், வந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் கிடந்தார். "நான் எழும்பாட்டி முசியுவை நீ கூட்டிக்கொண்டு போ, தம்பி" என்றார். திருவாசகம் கேட்டபடியே முருகன் அடி சேர்ந்தார்.

இரவு பகல் பார்க்காமல் கவனித்த தாதிமாருக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு வேளை தவறாமல் சோறு கறி கொண்டுவந்த அயலவருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கிய சமையலறை நண்பர்களுக்கும், சக்கர நாற்காலியில் வந்து அண்ணையின் கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போன முசியுவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சில நாள் கழித்து, பின்னேரம் நான் கீழே சோர்ந்துபோய் இருந்தேன். அண்ணி வெள்ளைச் சேலையோடு படியில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, இனிக் குளிர் இறுக்கப் போகுதாம். அவர் வருத்தம் வர முதல் நாள் ரெண்டாந்தாரத்துக்குப் பச்சைத் தண்ணியா ஊத்தினவர்? என்ர வாளியால குழாய்த் தண்ணியெல்லோ கொண்டுபோனவர், ஒழுக்குப் பாக்க எண்டு."

"அண்ணி, துடக்கு..." என்றேன். "உள்ளுக்கு முருகன் இருக்கிறார்."

"முருகனுக்கும் குளிரும்தானே. போய்ப் பார்."

போனேன். முருகன் படத்துக்கு மேல் துண்டைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, தண்ணீரை இறக்கி, பச்சைத் தண்ணீரை ஊற்றி, அது எல்லா இடமும் சுற்றிப் போக எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் குளிருக்குள் அண்ணி மேல் யன்னலைத் திறந்துவைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.