ஆடி மாசம் பூட்டி வெச்ச கார் கம்பெனி

எனக்கு எழுபத்தி நாலு வயசு. மூணு பொண்ணு, ரெண்டு பையன்னு அஞ்சு பேரை வளர்த்து, அஞ்சு கல்யாணமும் முடிச்சவ நான். படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நம்பர்னா யாருக்கும் சளைக்க மாட்டேன். நான் ஒரு கார் கம்பெனிக்கு முதலாளின்னா சிரிக்கறவங்க சிரிக்கட்டும்.

இந்தச் சித்திரையில எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சு. கிணத்துக்கடவுல எங்க ஊட்டுல படி ஜாஸ்தி. அதனால சின்ன மக சிங்காநல்லூர்ல அவ ஊட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டா. காலை ஸ்டூல் மேல நீட்டிட்டு, சுத்தற ஃபேனை எத்தனை நேரந்தான் பார்க்கறது? காலேஜ் லீவுல இருந்த பேத்தி, பெரிய போனாட்டம் இருக்கற டேப்பைக் கொண்டு வந்து மடியில வெச்சா.

"அம்மாயி, இது கேமு. கார் செஞ்சு விக்கோணும். இங்கிலீசுல வர்றதை நான் படிச்சுச் சொல்றேன், முடிவு பூராவும் நீங்கதான்."

சும்மா பார்ப்போம்னுதான் ஆரம்பிச்சேன். மக சோத்துக்கு மூணு வாட்டி கூப்பிட்டும் டேப்பை உடலை.

மொத வண்டிக்கு எத்தனை சீட்டுன்னு கேட்டுச்சு. ரெண்டு போதும், வேகமாப் போற வண்டியாச் செய்யலாம்னா பேத்தி.

"ரெண்டு பேரு போறதுக்கு பைக்கு பத்தாதா? எட்டு சீட்டு போடு. கோயிலுக்குப் போனா குடும்பமே ஏறோணும். மேல கேரியர் வை. அடி உசரமா இருக்கட்டும், காட்டுக்குப் போற இட்டேரித் தடத்துக் கல்லு தட்டப்படாது."

பேத்தி தலையில அடிச்சுக்கிட்டே செஞ்சா. அந்த வண்டி பறந்துச்சு! வித்த கணக்கைக் காட்டற பச்சை அம்பு மேலயே போயிட்டிருந்துச்சு.

மாப்பிள்ளை பம்பு கம்பெனியில சூப்பர்வைசர். சாயந்திரம் வந்ததும், செருப்பைக் கழட்டிக்கிட்டே, "ஏனுங்க அத்தை, இன்னைக்கு எத்தனை வண்டி போச்சுங்க?"ம்பாரு. குறும்பு இருக்கும், மரியாதையும் குறையாது. நானும் நிமிர்ந்து உக்காந்து பதில் சொல்லுவேன். மக ஊட்டுல நோயாளியா உக்காந்து மாத்திரை கேக்கறது எனக்குக் கூச்சம். முதலாளியா உக்காந்தா அந்தக் கூச்சமில்லை. அதனாலயே அந்த நாற்காலி கையை விட்டுப் போகக் கூடாதுன்னு இருந்தேன்.

அப்பத்தான் ரெண்டாவது வண்டி தயாராச்சு. கேமுல ஜூலை மாசம்.

"விட்டுடலாமா அம்மாயி?"

"ஆடியில யாராச்சும் புது வண்டி எடுப்பாங்களா? பூட்டு."

"கேமுக்குள்ள ஏது ஆடி? வாங்கறவங்க எல்லாம் வெள்ளக்காரங்க!"

"விக்கறவ வெள்ளக்காரியா? பூட்டுன்னா பூட்டு."

ஆடி, ஜூலை பாதியில பொறந்து ஆகஸ்ட் பாதியில முடியும். அந்த கேமுல பாதி மாசக் கணக்கே இல்லை. அதனால ரெண்டு மாசமும் விக்கலை. ஆனா ஃபேக்டரியை நிறுத்தோணும்னு எனக்குத் தோணலை. அது பாட்டுக்குச் செஞ்சு தள்ளுச்சு. மைதானம் பூரா என் வண்டியே நிக்குது. எதிர்க் கம்பெனிக்காரன் அந்த ரெண்டு மாசத்துல அவன் வண்டியை வித்துத் தள்ளிட்டான். செப்டம்பர்ல நான் கதவைத் தொறந்தா ஈ, காக்கா இல்லை.

டைரக்டர்மாருங்க லெட்டர் போட்டாங்க. வருசக் கடைசிக்குள்ள நிமிரலைன்னா முதலாளியை மாத்திருவோம்னு இருந்துச்சாம்.

"பாதி ஆளுகளை வேலைய உட்டு நிறுத்திருங்க அம்மாயி, தப்பிச்சுக்கலாம். இந்தா பட்டன்."

"தீவாளி வர்ற நேரத்துலயா? கையை எடு, அம்மணி."

வெலையைக் குறைச்சேன், விளம்பரம் போட்டேன். ஒண்ணும் நடக்கலை. டிசம்பர் முடிஞ்சதும் காலி நாற்காலி ஒண்ணு படமா வந்து நின்னுச்சு.

சாயந்திரம் மாப்பிள்ளை வாசல்லயே கேட்டுட்டாரு.

"கம்பெனி போச்சுங்க மாப்பிள்ளை. ஆடியில வித்திருந்தா பொழைச்சிருக்கும்னு உங்க மக சொல்றா."

சிரிப்பாருன்னு நெனைச்சேன். அவரு செருப்போட அப்படியே நின்னாரு.

"ஆடியில எப்படிங்க அத்தை விக்கறது? நம்ம காரையே ஆடி ரெண்டாந்தேதி எடுத்துக்கங்கன்னு ஷோரூம்காரன் கெஞ்சுனான். ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் நான் அந்தப் பக்கமே போகலீங்களே."

"அப்பா! நீங்களுமா?"ன்னு கத்துனா பேத்தி.

அவரு ஸ்டூலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்தாரு. "ஆனா அத்தை, விக்காத மாசத்துக்குச் செய்யறதை முன்னாடியே குறைக்கோணுங்க. மழை புடிச்சா பம்பு விக்காதுன்னு நாங்க அப்படித்தான் பண்றோம்."

அட, இது எனக்குத் தெரியாமப் போச்சே!

அடுத்த நாளே புதுசா ஆரம்பிச்சோம். ஜூன்லயே ஃபேக்டரியை மெதுவாக்கிப்போட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் பவானிக்குப் போய்ட்டு வரட்டும்னு லீவு உட்டேன். அந்த வெள்ளக்காரங்க ஊர்ல இருந்து பவானி எத்தனை தூரம்னு பேத்தி கேட்டா, நான் காதுல வாங்கலை. செப்டம்பர்ல வண்டியை உட்டேன். ரெண்டு ஆடி தாண்டியாச்சு, நாற்காலி இன்னும் என்னுதுதான். எதிர்க் கம்பெனிக்காரன் என்னைவிட ஜாஸ்தி விக்கறான். விக்கட்டும்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல பேத்தி போன்ல அடிச்சிருக்கா. நடுவுல ரெண்டு தடவை தனியாச் சிரிச்சா. அதுதான் எனக்குச் சந்தேகம். ஏன் கண்ணு, நான் சொன்னதை மட்டும் அடிச்சயா, உன்ற சரக்கையும் சேர்த்துப்போட்டயா? மொதல்ல இருந்து வாசி, கேக்கறேன்.