உயிர் மேல் ஒரு பந்தயம்

தேனுஜா ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே ஒரு மருத்துவமனையின் இருதயப் பிரிவில் தாதி. சென்ற மாசியில், தொலைக்காட்சியில் ஜெர்மன் பாட்டுகள் பாடிப் பேர்பெற்ற முதியவர் ஒருவரை அங்கே சேர்த்தார்கள். அவரைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாதென்று தலைமைத் தாதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மேல்மாடியில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கும் பிரவீணன் இடைவேளைகளில் வந்து, "கிழவர் எப்பிடி, தங்கச்சி?" என்று கேட்பான். முதலில் அது கரிசனையாகவே பட்டது. ஒருநாள், "மூச்சு இழுக்குதோ? மெஷின் பூட்டினவையோ?" என்றான்.

"ஏன் அண்ணை கேக்கிறியள்?"

"அம்மாவுக்கு அவரின்ரை பாட்டெண்டா உயிர்."

அவன் அம்மாவுக்கு ஜெர்மன் பாட்டே பிடிக்காது. தேனுஜாவுக்கு நெருடியது. மறுநாள் வேண்டுமென்றே ஒரு பொய் சொன்னாள்.

"இண்டைக்கு எழும்பி நடந்தவர். கெதியா வீட்டை போயிடுவார்."

நல்ல செய்திதான். ஆனால் அவன் முகம் தொங்கிப்போனது. உடனே கைப்பேசியை எடுத்தான். அவள் எட்டிப் பார்த்தாள். திரையில் அந்தப் பாடகரின் படம். கீழே ஒரு கேள்வி: இந்த மாதம் முடியுமுன் இறப்பாரா? ஆம், இல்லை. ஊர் உலகமெல்லாம் இணையத்தில் பணம் கட்டிப் பந்தயம் பிடிக்கும் கணிப்புச் சந்தை. அவன் 'ஆம்' பக்கம் கட்டியிருந்தான்.

"நான் ஒருத்தரையும் கொல்லேல்லையே. நடக்கப்போறதைத்தானே சொல்லுறன்," என்றான்.

"அவர் பிழைச்சா உங்களுக்கு நட்டம். நாளைக்கு அவரைத் தூக்கி நடத்த உங்களை அனுப்பினா?"

அவன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் திணித்தான். அவள் நேரே தலைமைத் தாதியிடம் போனாள்.

பிரவீணனுக்கு வேலை போனது. அந்தத் தளம் வெளிநாட்டிலிருந்து நடப்பது. இங்கே அதற்கு அனுமதியே இல்லை, ஆனால் அந்தக் கேள்வியை நீக்கத் தங்களால் முடியாது என்று அதிகாரிகள் கைவிரித்தார்கள். கடைத்தெருவில் கண்ட அவன் மனைவி றீற்றா, "எங்கடை ஆளையே காட்டிக் குடுத்திட்டியே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதோடு முடிந்ததென்று தேனுஜா நினைத்தாள். ஆனால் அடுத்த வாரம் விடியற்காலை முதியவருக்கு மூச்சு முட்டியது. அவர் பிள்ளைகளுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. தேனுஜா பதற்றத்தோடு அந்தத் தளத்தைத் திறந்தாள். 'ஆம்' பக்கத்துப் பணம் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. அறைக்குள் இருக்கும் யாரோதான் கட்டியிருக்க வேண்டும்.

அறையில் அப்போது வைத்தியரும் இரண்டு தாதிகளும் இருந்தார்கள். அவள் ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள். அன்று அவருக்கான மருந்தை வேறு யாரையும் தொட விடவில்லை.

முதியவர் பிழைத்து, பங்குனியில் வீடு போனார். அன்று பணம் கட்டிய ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்த மூவரோடுதான் தேனுஜா இன்றும் வேலை செய்கிறாள்.