ஆறு பேர் ஏறி அமர்ந்து பார்த்த ஸ்ப்ரிங்

ஆட்டோகிராஸ் என்றால் என்னவென்று வீட்டில் விளக்குவதற்குத் தட்டிலிருந்த வேர்க்கடலையைத்தான் எடுத்தேன். மைதானத்தில் இப்படிக் கூம்புகளை வைத்திருப்பார்கள், ஒவ்வொரு காராக உள்ளே விடுவார்கள், கூம்பைத் தட்டாமல் வளைந்து வளைந்து சீக்கிரம் வெளியே வருகிறவன்தான் ஜெயித்தவன். தங்கை ஒரு கூம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “ஜெயிச்சா இன்னா தருவாங்க?” என்றாள். கப்பு என்றேன். “இருக்கிற பாத்திரத்த கழுவவே இங்க ஆளில்ல.”

அப்பா சிரிக்கவில்லை. ரேஸுக்காக நான் மாற்றியமைக்க நினைத்த பழைய எண்ணூறு சிசி காரை வாங்கியதே அம்மாவின் இடுப்பு வலிக்காகத்தான். பாலிடெக்னிக் முடித்து வேங்கிக்காலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாலு சக்கரம் அது. “இன்னா வேணா மாத்திக்க. அம்மாவுக்கு இடுப்பு நோவக்கூடாது. நொந்துச்சுன்னா பழைய ஸ்ப்ரிங்க மாட்டிடு, ரேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தக் காரைத் திருப்பினால் படகு மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். மூக்கு மட்டும் நேராகவே ஓடப் பார்க்கும். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் கார் பத்திரிகையில் அச்சானதெல்லாம் எனக்கு வேதவாக்கு. டிரைவர் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது காரின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. கூடப் படித்த நண்பன் வேட்டவலம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். சென்னையிலிருந்து குட்டையான, விறைப்பான ஸ்ப்ரிங் நாலும் புது ஷாக் அப்சார்பரும் கொண்டுவந்து மாட்டினோம். நான் சீட்டில் விறைத்து உட்கார, அவன் டேப் பிடித்து அளந்தான். அன்று காலியான ரோட்டில் ஒரு வளைவில் திருப்பினேன். கார் சாயவே இல்லை! தனியாக உட்கார்ந்து கத்தினேன்.

அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. ஒரு சீட் காலியாக வண்டி கிளம்பினால் எங்கள் ஜனங்களுக்கு அது மரியாதைக் குறைச்சல். அம்மா, அப்பா, தங்கை, அத்தை, வழியில் ஏறிக்கொண்ட ஒர்க்‌ஷாப் நண்பன், நான் என்று ஆறு பேர். காரின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. முதல் வேகத்தடையில் டங்கென்று அடித்தது. டயர் மட்கார்டில் உரசியது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “நிறுத்துடா, நான் நடந்தே வர்றேன்” என்றாள்.

“ஜல்லி லாரிகூட இப்டி குலுக்காது” என்றாள் அத்தை.

வீடு வந்ததும் அப்பா சொன்னார். “ஞாயித்துக்கெழம ரேஸுக்கு நாங்களும் வர்றோம். போய்ட்டு வர்றதுக்குள்ள அவ ஒரு வாட்டி வலிக்குதுன்னு சொல்லட்டும். திங்கக்கெழம பழசு ஏறிடணும்.”

நண்பனிடம் ஓடினேன். “மச்சி, டிரைவர் மட்டும்னு புக்குல போட்டுருக்கான். உங்க வூட்டு கார்ல டிரைவர் மட்டும் என்னிக்குடா போயிருக்கான்?” என்றான்.

அது எனக்கு ஏன் தோன்றவில்லை! மறுநாளே குடும்பத்தை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் காரில் ஏற்றினேன். பின்பக்கத்துக்கு மட்டும் கனமான ஸ்ப்ரிங்குகளை ஒவ்வொன்றாக மாட்டி, டிக்கியை அமுக்கி அமுக்கி விட்டு, தானும் ஏறி உட்கார்ந்து பார்த்தான் நண்பன். “இது ஆவாது... இது ஜாஸ்தி தூக்குது... தோ, இது பரவால்ல, தூளியாட்டம் இருக்கு” என்றாள் அம்மா. அதையே முடுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை வேலூர்ப் பக்கத்து மைதானம் வரைக்கும் அம்மா முகம் சுளிக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்க இறங்கக் காரின் பின்பக்கம் எழும்பிக்கொண்டே வந்தது. கடைசியில் மூக்கு தரையைப் பார்க்க, பின்பக்கம் வானத்தைப் பார்த்தது.

“இன்னா பிரதர், வண்டி நமஸ்காரம் பண்ணுதா?” என்றான் பக்கத்துக் காரில் இருந்தவன். ஆறு பேருக்கு அளவெடுத்ததை ஒருவனாக ஓட்டப்போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கும் நண்பனுக்கும் உறைத்தது.

முதல் சுற்று. இரண்டாவது கூம்பிலேயே பின்பக்கம் சர்ரென்று வீசி, கிளம்பிய திசையைப் பார்த்து நின்றேன். ஒரே புழுதி, ஒரே கைதட்டல். எனக்கோ வெட்கத்துக்குப் பதில் குஷி. காரின் மூக்கு வளைவுக்குள் திரும்பியதே! எப்போதும் நேராகவே ஓடும் மூக்கு!

“நீ பயந்து ஆக்சிலேட்டர வுட்ட, அதான் சுத்திடுச்சு. வுடாத. அமுக்கியே வை” என்றான் நண்பன்.

இரண்டாவது சுற்றில் விடவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்ப, பின்பக்கம் கொஞ்சம் விலகி இடம் கொடுக்க, கார் கூம்பைச் சுற்றிக்கொண்டு வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது! பின்சக்கரம் ஒன்று தரையை விட்டுத் தூக்கியதாகத் தங்கை பிறகு சொன்னாள். ஒரு கூம்பும் விழவில்லை. கப்பு கிடைக்கவில்லைதான், ஆனால் நமஸ்காரம் என்று கேட்டவனை முந்திவிட்டேன். அத்தை விசில் அடித்தாள். அவளுக்கு விசில் தெரியும் என்பதே அன்றுதான் தெரியும்.

திரும்பும்போது காரை மெதுவாக உருட்டினேன். கூம்பெல்லாம் ஒன்றுமில்லை; ஊருக்குள் வரும் வேகத்தடைகள்தான் எனக்குப் பந்தயம். ஒன்றில் ஏறி இறங்கினேன். பின்னாலிருந்து சத்தம் இல்லை. இன்னொன்று. அப்போதும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அத்தையின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

முன்சீட்டிலிருந்து அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த ரேஸு எப்படா?” என்றார்.