ஒட்டுப்போட்ட அந்துப்பூச்சி

கோபம் ஆகாது என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் புல்லக்காவுக்கு அன்று வந்த கோபத்தை ஆண்டவனே தவறென்று சொல்லியிருக்க மாட்டான்.

அருங்காட்சியகத்தின் பூச்சி அறையில் புல் அந்துப்பூச்சிகளை இனம் பிரிப்பது அவள் வேலை. பெயரும் அதனால் ஒட்டிக்கொண்டதுதான். காய்ந்த புல்தாளோடு தாளாக உட்காரும் பொடிப்பூச்சிகள் அவை. இறக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். வயிற்று நுனியில் இருக்கும் கொக்கியையும் பார்த்தால்தான் இனம் பிடிபடும்.

பழைய பெட்டியில் ஒன்று அகப்பட்டது. இறக்கையில் வெள்ளிக்கோடு, கொக்கியோ கோடில்லாத இனத்தினுடையது. இரண்டும் சேர்ந்ததை யாரும் கண்டதில்லை. புது இனம் என்று இயக்குநர் துள்ளினார், மறுநாளைக்குப் பத்திரிகைக்காரர்களையும் அழைத்துவிட்டார். அதற்குத் தன் அம்மாவின் பெயரை வைக்கப்போவதாகப் புல்லக்கா வீட்டில் சொல்ல, அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கடைசியாக ஒருமுறை லென்ஸை வைத்தாள். பூச்சியின் இடுப்பில் பளபளவென்று ஒரு துளி. கோந்து!

பெட்டிகளைப் பராமரிக்கும் அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இதை யார் ஒட்டினது?”

“நான்தாம்மா. வயிறு ஒண்ணு கழண்டு கீழே கிடந்துச்சு. இது மொட்டையா நின்னுச்சு. பாவம், முழுசா இருக்கட்டுமேன்னு...”

“அது இதோட வயிறுன்னு யார் சொன்னா?”

“அளவு சரியா இருந்துச்சே!”

“செருப்பா வாங்கினீங்க, அளவு பார்க்க? ரெண்டு பூச்சியை ஒண்ணாக்கிட்டு, கடவுள் படைச்சதுன்னு என்னைச் சொல்ல வெச்சீங்களே!”

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

“விடுங்கம்மா. கண்ணுக்கே தெரியாத துளி. நாளைக்குக் கூட்டம் முடியட்டும், அப்புறம் மெதுவா திருத்திக்கலாம்.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“அதுக்குள்ள எங்கேயோ ஒருத்தர் இதை நம்பி, இல்லாத பூச்சியைத் தேடிப் புல்லு புல்லா அலைவாரே சார்! அந்தப் பாவம் யாருக்கு?”

“உங்கம்மா பேரு போயிடுமே?”

அது சுருக்கென்று தைத்தது. தூரிகையைக் கையில் எடுத்தாள்.

“எங்கம்மா பேரைக் கோந்து போட்டு நிறுத்த வேண்டாம் சார்.”

தூரிகையை வெந்நீரில் நனைத்து, பூச்சியின் இடுப்பில் வைத்தாள். கோந்து இளகியது. வயிறு கழன்று தாளில் விழுந்தது. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு, பத்திரிகைக்காரர்களுக்குப் போன் போடப் போனார்.

“இன்னும் எத்தனையை இப்படி ஒட்டியிருக்கீங்க?” என்றாள் அண்ணனிடம்.

அவர் சுவர் நீளத்துக்கு நின்ற அலமாரிகளைப் பார்த்தார்.

“ஞாபகம் இல்லம்மா...”

“அப்ப முதல் பெட்டியிலேருந்து இறக்குங்க,” என்றாள். குரல் இன்னும் இறங்கவில்லை.