ஈஸ்டர் வரைக்கும்தானே?

சென்னையில் ஒருவன் குடிக்க ஆரம்பித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. நிறுத்தினால்தான் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். சுகரா, லிவரா, வீட்டில் பிரச்சனையா என்று தொடங்கி, கடைசியில் குரலைத் தாழ்த்தி, “வேற ஏதாவது பழக்கத்துக்குப் போயிட்டியா?” என்பதில் வந்து நிற்கும். கார்த்திகை மாதத்தில் நிறுத்துகிறவர்கள் பாக்கியசாலிகள். கழுத்தில் மாலையைப் பார்த்ததும் நண்பர்கள் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு “சாமி” என்று கும்பிடுவார்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றே, அதே பாட்டிலை அதே மரியாதையோடு எடுத்து முன்னால் வைப்பார்கள். நான் கத்தோலிக்கன். எனக்கு மாலை கிடையாது. தவக்காலம்தான் உண்டு.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்கள் அது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ஆரம்பிப்போம். கறி, மீன், சினிமா, சிகரெட், சாராயம் என்று அவரவர் சக்திக்கு ஏற்ப எதையாவது விடுவோம். ஈஸ்டர் ஞாயிறு மதியம் விட்டதையெல்லாம் வட்டியோடு பிடிப்போம். எங்கள் குடும்பத்தில் இது பல தலைமுறையாக நடக்கிறது. ஆண்டவர் உயிர்த்தெழுந்த சில மணி நேரத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்துவிடுவார்கள்.

நான் நிறுத்தியதற்குத் தவக்காலம் காரணமில்லை. தி.நகரில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் போர்டில் நான் போட்ட கோடு, பெசன்ட் நகர் கடலலை மாதிரி ஏறி இறங்கிப் போனது. “சார், அலைகள் அடுத்த பாடமாச்சே, இப்பவே ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அந்த மாதம் பெற்றோர் சந்திப்புக்கு வந்த ஓர் அம்மா, என் கையைப் பார்த்துவிட்டு, நல்ல சர்க்கரை டாக்டர் ஒருவரின் விலாசத்தைக் கரிசனமாகச் சொன்னார். நான் அதற்கு நன்றியும் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடையாறில் ஒரு டாக்டரிடம் போனேன். சர்க்கரை டாக்டர் அல்ல.

“எவ்வளவு குடிப்பீங்க?”

“சோஷியலா, டாக்டர்.”

“வாரத்துல எத்தனை நாள் சோஷியல்?”

“எல்லா நாளும்.”

“யார் கூட?”

“தனியாத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. என் அளவுக்குக் குடிப்பவன் தன்னிஷ்டத்துக்குப் பட்டென்று நிறுத்துவது ஆபத்து என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, தான் சொல்கிறபடி மட்டும் செய்யச் சொன்னார். “மாத்திரை நடுக்கத்துக்குத்தான். மத்ததுக்கு மனுஷங்க வேணும்” என்று சொல்லி, மயிலாப்பூரில் குடியை விட்டவர்கள் நடத்தும் ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார். எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “இனிமே உங்களுக்கு ஒரு கிளாஸ்னு ஒண்ணு கிடையாது. அந்த ஒண்ணைத் தொட்டா, நேரா பழைய இடத்துலதான் போய் நிப்பீங்க. அடுத்த தடவை இங்க நடந்து வருவீங்களான்னு என்னால சொல்ல முடியாது.”

மனைவியிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் “சரி” என்றாள். நறுக்குவதை நிறுத்தவில்லை. இதற்கு முன்னும் நான் பலமுறை நிறுத்தியிருப்பதால், அந்தச் செய்திக்கு அவ்வளவுதான் மதிப்பு.

மற்றவர்களிடம் என்ன சொல்வது? அதிலும் அவளுடைய அண்ணனிடம்? மச்சான் பாலவாக்கத்தில் கடல் தெரியும் மொட்டைமாடியோடு வீடு கட்டியிருப்பவர். அந்த மாடி எதற்காகக் கட்டப்பட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நல்லவேளையாக அந்த வாரமே சாம்பல் புதன் வந்து என்னைக் காப்பாற்றியது. நெற்றிச் சாம்பலோடு அவர் முன்னால் போய் நின்று, “தவக்காலம், மச்சான். இந்தத் தடவை சுத்தமா விடறேன்” என்றேன்.

“சூப்பர் மாப்ள! ஈஸ்டர் வரைக்கும்தானே?”

“ஆமா.”

அந்த ஒரு ‘ஆமா’வுக்குக் கிடைத்த ஆதரவைப் பார்க்க வேண்டுமே! குடும்ப வாட்ஸப் குழுவில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. மாமியார் ஜெபமாலையில் எனக்காக ஒரு மணியைக் கூடுதலாக உருட்டுவதாகச் சொல்லி அனுப்பினார். மச்சான் தானும் என்னோடு விடுவதாக அறிவித்தார். முதல் ஞாயிறே கையில் கிளாஸோடு வீடியோ காலில் வந்து, ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பது நாள் கணக்கில் சேராது என்று எனக்குத் திருச்சபைச் சட்டம் விளக்கினார். சனிக்கிழமை மாலையிலேயே ஞாயிறு வழிபாடு வைத்துவிடுவதால், சனி மாலையும் ஞாயிறுதான் என்பதை அடுத்த வாரம் கண்டுபிடித்தார்.

மயிலாப்பூர்க் கூட்டம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், எல்.கே.ஜி வகுப்பறையில் மாலையில் நடக்கும். ஊரைக் குடித்துத் தீர்த்த ஆண்கள் எல்லோரும் முழங்கால் தாடையில் இடிக்கக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். சுவரில் அணில், ஆடு, இலை. டீயும் பட்டர் பிஸ்கட்டும் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொல்வார்கள். முதல் நாள் எனக்கு இவர்களெல்லாம் குடிகாரர்கள், நான் வேறு என்று தோன்றியது. எல்லோருக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றுமாம். அதிலும்கூட எனக்குத் தனித்துவம் இல்லாமல் போயிற்று.

குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன் கூப்பிட, புதிதாக வருகிறவனுக்கு ஒரு ஆளை ஒதுக்குவார்கள். எனக்குக் கிடைத்தவர் ராயப்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். என் வயதுதான். வீட்டில் உருது, வெளியில் அசல் மெட்ராஸ் தமிழ். என் தவக்காலக் கதையைக் கேட்டு பிஸ்கட் புரையேறச் சிரித்தார்.

“உங்களுக்கு இன்னா சார், வுட்டுட்டேன்னு வெளில சொல்லிக்கவாச்சும் முடியுது. எங்க வூட்டு கணக்குல நா குடிச்சதே கெடையாது. குடிக்காதவன் எப்டி சார் வுட்டுட்டேன்னு சொல்றது?”

“அப்ப இங்க வர்றதுக்கு வீட்ல என்ன சொல்றீங்க?”

“கண்ணாடி வியாபாரிங்க சங்கம்னு சொல்லிக்கீறேன். மொதல்ல மெம்பர்னேன். வாரா வாரம் வர்றனே, இன்னா வேலைன்னு கேட்டாங்க. செயலாளர்னேன். இப்போ தலைவரா கீறேன்.”

அதற்கப்புறம் நாங்கள் எல்லோரும் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிட்டோம்.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். “நானும் நெறைய வாட்டி நோன்புக்கு வுட்டேன் சார். ஒரு மாசம் பச்சத்தண்ணி கூட பகல்ல தொடமாட்டேன். ஆனா நோன்பு முழுக்க பெருநாளயே நெனச்சிகினு இருப்பேன். நீ எத நெனச்சிகினு கீற?”

பதில் எனக்குத் தெரியும். ஊருக்குப் பயந்துதான் தவக்காலத்தைச் சாக்காகச் சொன்னேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில், முடிவுத் தேதி உள்ள சாக்காகப் பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறேன். மச்சானைப் போலவே நானும் ஈஸ்டருக்காகக் காத்திருந்தேன். அவர் வெளிப்படையாகக் காத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அது தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் நெருங்க நெருங்க வாட்ஸப் குழுவில் திருவிழாக் களை கட்டியது. எனக்காகவே ஒரு பாட்டிலை எடுத்துவைத்து, அதன் கழுத்தில் ரோஸ் ரிப்பன் கட்டி, மச்சான் போட்டோ அனுப்பினார். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

“எத்தனை வருஷத்துக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடுவீங்க?” என்றாள். பிறகு, “நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும். நீங்க சொன்னாத்தான் நானும் நம்புவேன்” என்றாள்.

ஈஸ்டர் மதியம் பாலவாக்கத்தில் மட்டன் பிரியாணி. மேசைத் தலைமாட்டில் மாமியார். அவர் பக்கத்தில் பீங்கான் ஜாடி. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் கறுப்பு திராட்சையில் கிராம்பு, பட்டை போட்டு அவர் ஊற வைக்கும் ஒயின் அது. எங்கள் சாதிசனத்தில் வீட்டு ஒயினை யாரும் குடி என்று சொல்வதில்லை. அது மருந்து, ஜீரணம், பாரம்பரியம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலத்தில் சொன்ன வார்த்தை தவறாமல் இருந்தவருக்குத்தான் ஜாடியிலிருந்து முதல் கிளாஸ். மாமனார் ஆரம்பித்து வைத்தது. வார்த்தை தவறாமல் இருந்தவர் என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்ள ஆளில்லாததால், பல வருடமாக அந்த கிளாஸை வந்த விருந்தாளிக்குக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

மாமியார் ஜெபம் முடித்து எழுந்தார். கண் கலங்கியிருந்தது. “இந்த வருஷம்தான் இந்த கிளாஸுக்கு மரியாதை வந்திருக்கு. மாப்ள, வாங்க” என்று ஊற்றி நீட்டினார்.

எல்லோரும் கை தட்டினார்கள். குடிக்காமல் இருந்ததற்குப் பரிசு, குடி! கூட்டத்தில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த கணமே கிராம்பு வாசனை மூக்கில் ஏறியது. சிரிப்பெல்லாம் போய்விட்டது. எனக்கு அது வேண்டும். அவ்வளவு பேர் முன்னாலும் எனக்கு அது மட்டும்தான் வேண்டும் போலிருந்தது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. பிரியாணித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிஷம் அத்தை, போன்” என்று சொல்லி மாடிக்கு ஏறினேன். போன் எதுவும் வரவில்லை. நான்தான் பாயைக் கூப்பிட்டேன்.

எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம், பெண்கள் பேச்சு, யாரோ சிரிப்பு. அவரும் தன் மாமியார் வீட்டு விருந்தில் இருந்தார். “சார், இங்க ஆளுங்கோ கீறாங்கோ…” என்று இழுத்தார்.

“பாய், கிளாஸை ஊத்தி வச்சிட்டாங்க. கீழ இறங்குனா குடிச்சிடுவேன்” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

சங்கத்து ஆள் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். யாரோ பெண் குரல் அவரிடம் ஏதோ கேட்டது. அவர் உருதுவில் பதில் சொன்னார். எனக்கு உருது தெரியாது. ஆனால் அதில் ‘ஷராப்’ என்ற சொல் வந்தது. மது என்று அர்த்தம், அது மட்டும் தெரியும். அதற்கப்புறம் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

“சொல்லிட்டேன் சார்” என்றார் பாய், கொஞ்சம் மூச்சு வாங்க. “நம்மள மாரி குடிய வுட்டவன் ஒர்த்தன் லைன்ல கீறான், பேசிட்டு வரேன்னு சொல்லிட்டேன். இப்போ பொறுமையா பேசலாம். நீ எங்க நிக்கிற?”

“மாடில.”

“எறங்கி போ. வெக்காத, போன் கைலயே இருக்கட்டும். போய் சொல்லு.”

போனைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போய்ச் சொன்னேன். “அத்தை, எனக்கு வேணாம். இது தவக்காலத்துக்காக விட்டது இல்ல. என்னால குடிச்சா நிறுத்த முடியல. டாக்டர்கிட்ட போறேன். இனிமே எப்பவும் கிடையாது.”

நாற்பது நாள் பொங்கி வழிந்த ஆதரவு எங்கே போனதென்று தெரியவில்லை. “ஏன் மாப்ள, எங்க மேல ஏதாவது கோவமா?” என்றார் மச்சான். “இது வீட்ல போட்டதுதானே, இதுல என்ன இருக்கு?” என்றார் மாமியார். ஒரு சித்தப்பா, கிறிஸ்துமஸ் வரைக்குமா என்று விவரம் கேட்டார். கிளாஸ் மேசையிலேயே இருந்தது. மச்சான் ரிப்பன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, மேடையில் மாலையோடு நின்று தலைவர் வராமல் போன தொண்டர் மாதிரி நின்றார். கடைசியில் அந்த முதல் கிளாஸும் அவருக்கே போயிற்று.

என் மனைவி எழுந்து வந்து என் தட்டில் பிரியாணியில் இருந்ததிலேயே பெரிய துண்டைப் போட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அப்படி வருவாள். நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன்.

அடுத்த கூட்டத்துக்கு பாய் நேரத்துக்கு வரவில்லை. என்னால் அந்த மனிதர் வீட்டில் என்ன ரகளையோ என்று டீயைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாதிக் கூட்டத்தில் வந்தார். பின்னால் அவர் மனைவி. அந்த அம்மா குட்டி நாற்காலிகளையும், சுவரில் அணிலையும், எங்கள் மூஞ்சிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இதான் உங்க சங்கமா?”

தலைவர் தரையைப் பார்த்தார். அந்த அம்மா ஒரு எல்.கே.ஜி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு போன் பண்ணது யாரு, நீங்களா?”

“ஆமாம்மா. மன்னிச்சிடுங்க. உங்க விருந்து நேரத்துல…”

“எத்தினி வர்ஷம் இவுரு குடிக்கிறது தெரியாத மாரியே இருந்தேன் தெரியுமா?” என்றார் அவர். “ஏன் சார், அந்த போன முன்னாடியே பண்ணிருக்கக் கூடாதா?”