அப்பா தூக்காத ரெண்டரை வருஷம்

எங்கப்பா கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர். நசுங்கின கதவைக்கூட நேற்றுதான் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆக்கிவிடுவார். பொய் சொல்லவே வராத மனுஷனுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். சாயங்காலம் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடையோடு வருவார். தங்கச்சி ஓடிப்போய்த் தோளில் தொற்றிக்கொள்வாள்.

அவளுக்கு மூன்று வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு இருந்தவர், உலகத்தில் தெரியாத விஷயமே இல்லாத ஆள். அப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "பெயின்ட் வேலையா? அப்ப அதான் காரணம். வேற என்ன?" என்றார்.

"ஏன் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. நீங்க தூக்கினதால வரல." டாக்டரம்மா இதை அப்பாவிடம் மூன்று தடவை சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அன்றிலிருந்து அப்பா அவளைத் தொடவில்லை. பட்டறையிலேயே தோல் உரிய உரிய சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவார். வந்தும் வாசற்படியோடு சரி. படுக்கையும் வெளியேதான்.

மருந்தில் அவள் முடி கொட்டிக் கன்னம் உப்பியது. "குண்டு பல்பு" என்பேன். "போடா குரங்கு!" என்று தலையணையை எறிவாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று சிரிப்பார்.

"உள்ள வந்துதான் பாருங்களேன். பெத்த புள்ளைதானே?" அம்மா கத்துவாள்.

"வேணாம். என் கை சரியில்ல."

ரெண்டரை வருஷம் கழித்து டாக்டரம்மா, "மருந்தை நிறுத்திடலாம், ஸ்கூலுக்கு அனுப்புங்க" என்றார். அன்று அப்பா நகத்தை ஒட்ட வெட்டி, கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"வாடா கண்ணு, அப்பாகிட்ட வா."

அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். "இவர் வேணாம். அண்ணன் தூக்கட்டும்."

"சரி சரி, பழக்கமில்லல்ல..." நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல், அப்பா தன் சட்டையையே நீவிவிட்டுக்கொண்டார். எமனிடமிருந்து திரும்பி வந்த பிள்ளைக்கு, அப்பாவிடம் வர அந்த நாலடிதான் தூரமாக இருந்தது.

ஸ்கூலுக்குப் போன முதல் நாள், அப்பா அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கச் சொன்னார். மாட்டேன் என்றாள். நடுவில் நான், எனக்குப் பின்னால் அவள். என் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் அப்பாவின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"டேய், மூச்சு முட்டுதுடா. கைய எடு."

எடுக்கவில்லை.